கடைசி ஜோடி

தறிவேலை பழகிய கைதிகளுக்கு 1957 தையில் தண்டனையைக் குறைத்தார்கள். முதல் ஆளாக விடுதலையான மூக்கனை, காலையில் வார்டர் அடைக்கலமே கடலோரத்தில் இருக்கும் அவன் ஊரான மீமிசலுக்குப் பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

மாலையில் வழக்கம்போல் எல்லாரையும் இரண்டிரண்டு பேராகக் குந்தவைத்து எண்ணினார். மூக்கன் போக நாற்பத்தோரு பேர். கடைசி ஆள் ஒற்றையாக இருக்க வேண்டும். இருபத்தொரு ஜோடியும் முழுசாக இருந்தது. எண்ணிக்கை பிசகினால் வேலை போய்விடும். மூன்றாம் தடவை எண்ணிவிட்டுக் கடைசி ஜோடியிடம் போனார்.

“மூக்கா, நீ காலையிலயே போயிட்டேல்ல?”

“போயிட்டேனுங்க. ஊரு போலீஸ் டேசன்ல கையெழுத்துக்கூடப் போட்டாச்சுங்க.”

அவன் கால்களில் கடல் மணல் ஈரமாக ஒட்டியிருந்தது.

அடைக்கலம் நாற்பத்தொன்று என்று எழுதிக் கதவைப் பூட்டினார். மூக்கனுக்குப் பக்கத்தில் இருந்தவனுக்கு நாளைக்கு விடுதலை. அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்:

“ஐயா, நானும் இங்கிட்டே வந்துருவேனா?”