பக்கத்து அட்டை

"சுடாதீங்க! துப்பாக்கியைக் கீழே வைங்க!"

துப்பாக்கி சுடக் கற்றுத்தரும் தன்னார்வப் பயிற்சியாளர்களுக்கான சனி, ஞாயிறு முகாமில் அது கடைசிச் சுற்று. ஓடி வந்த ரேஞ்ச் அதிகாரி, ஏழாம் எண் இடத்தில் படுத்திருந்த வில்சனை முறைத்தார். வில்சனின் குறி அட்டையில் ஒரு ஓட்டைகூட இல்லை. அவர் சுட்டதெல்லாம் பக்கத்து ஆறாம் எண்ணில் இருந்த முபாரக்கின் அட்டையில், நட்டநடுவில்.

"சொல்லித்தரப் போறவர் செய்ற வேலையா சார் இது? உங்களுக்குப் பயிற்சியாளர் பேட்ஜ் கிடையாது."

முபாரக் இரண்டு டீயோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "என் அட்டை மேல என்னண்ணே கோபம்? கண்ணு சரியில்லையா?"

"ஆமா தம்பி."

"வீட்ல சொல்லி டாக்டர்கிட்ட போங்க."

"சொல்றேன்."

சொல்ல வீட்டில் யாருமில்லை. இந்த இரண்டு நாளில் அவரிடம் ஒருவர் பேச வந்ததே இப்போதுதான்.

வில்சன் டீயை மெதுவாகக் குடித்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை. குறி பார்த்துத்தான் சுட்டிருந்தார்.