கொடியில் ஒரு வெள்ளைச் சட்டை

எதிர்வீட்டுக்காரர்கள் குடிவந்து பத்து நாளாகிறது. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிக்குப் பக்கத்திலேயே இருந்தவர்களாம், கரித்தூளில் மகளுக்கு ஓயாத இருமலாம்; வந்த அன்றே விசாரித்துவிட்டேன். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ஜன்னல்களைத் திறப்பதில்லை, துணிகூட வீட்டுக்குள்தான் காய்கிறது. இன்று காலையிலிருந்து மட்டும் மகளின் வெள்ளைப் பள்ளிச் சட்டை ஒன்று மாடிக்கொடியில் தனியாக ஆடிக்கொண்டிருக்கிறது. சாயங்கால வெயில் அதன் கையில் மஞ்சளாக ஏறுகிறது. என் ரோஜாச் செடிக்கு மூன்றாம் தடவையாகத் தண்ணீர் ஊற்றியபடி நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அந்த வீட்டு அம்மாள் மாடிக்கு வந்து ஈரக் கைக்குட்டையால் காலரை அழுத்தித் துடைத்து, கைக்குட்டையை வெளிச்சத்தில் விரிக்கிறாள்.

"கரி இருக்கா?" கணவர் கிட்டே வரவே பயப்படுகிறார்.

"இல்லைங்க. பாருங்க, பளிச்சுனு இருக்கு."

"நல்லா தேச்சியா?"

"இதுக்கு மேல தேச்சா சட்டை கிழியும், நீங்கதான் தைக்கணும்!"

கீழே வாசலில் மகள் கயிறு தாண்டுகிறாள். "எழுபத்தொண்ணு, எழுபத்திரெண்டு" என்று எண்ணுகிறாள், நடுவே ஒரு இருமல் இல்லை. மேலே இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு நூறு வரை கேட்கிறார்கள். பிறகு அந்த அம்மாள் இறங்கிப்போய் ஒவ்வொரு ஜன்னலாகப் படார் படாரென்று திறக்கிறாள். எனக்கும் இப்போதுதான் மூச்சு வருகிறது: பத்து நாளாக அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறதென்றே தெரியவில்லையே!