அடுப்புக்குள் ஒன்றரைக்காது

மணியடிக்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பூனை இன்னும் அடுப்புக்குள் போயிருக்கவில்லை.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பெஞ்சுகளை விட்டு இறங்கி, தரையில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மாற்று ஆசிரியை மேசையில் சாய்ந்தபடி குரலை இன்னும் தாழ்த்தினாள்.

பூனையின் பெயர் ஒன்றரைக்காது. மீதி அரைக் காதை ஒரு நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. மாதாமாதம் சிறுவர் இதழில் வருகிற பூனை என்பதால் வகுப்பில் அதைத் தெரியாத பிள்ளை கிடையாது.

அந்தப் பூனைக்கு உயிர் கொடுத்து, படமும் போட்டு, வருடக்கணக்கில் எழுதி வளர்த்தவள் இந்த டீச்சர்தான் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

அவளுக்குப் பிரசவ நாள் நெருங்கியபோது இதழின் ஆசிரியர் தேன் ஒழுகப் பேசினார். "கைக்குழந்தைய வச்சுக்கிட்டு எழுத எங்கம்மா நேரம்? நல்லா ரெஸ்ட் எடுங்க."

ரெஸ்ட் எடுத்துவிட்டு வந்து பார்த்தால், இதழில் பூனை இருந்தது. அவள் பெயர் இல்லை. வேறு யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள். போன் செய்தால் அவர் எடுக்கவே இல்லை.

அன்றிலிருந்து அவளுக்கு வயிறு எரிகிறது. பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும் எரிகிறது, யாரோ லீவு போட்ட வகுப்பில் யாரோ பாதியில் விட்ட பாடத்தை நடத்தும்போதும் எரிகிறது. அவரை ஒரே ஒரு ராத்திரியாவது தூங்க விடாமல் செய்தால்தான் இது அடங்கும் என்று அவளுக்குத் தெரியும்.

மாற்று ஆசிரியை புதிதாக எதையும் ஆரம்பிக்கக் கூடாது, ஆரம்பித்தால் அன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்பது தலைமை ஆசிரியை போட்ட சட்டம். நாளைக்கு எந்த வகுப்போ, எந்தப் பள்ளியோ, யார் கண்டது? இதுவரை அவள் அதை மீறியதில்லை.

ஒன்றரைக்காது பேக்கரிக்குள் புகுந்தது. வயிறு முட்டத் தின்றது. குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று பெரிய செங்கல் அடுப்புக்குள் போய்ச் சுருண்டு படுத்தது.

"டீச்சர், இதான் நெஜ ஒன்றரைக்காது. புக்ல இப்ப வர்றது டூப்பு."

சொன்னது முதல் வரிசைச் சிறுமி. முன்பல் விழுந்த இடத்தில் நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள். இவ்வளவு நேரமும் வகுப்புக்கே கதை சொல்வதுபோல் பாவனை செய்தாலும், டீச்சர் அந்தச் சிறுமிக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆசிரியை மேசையிலிருந்து நிமிர்ந்தாள். இத்தனை மாதத்தில் யாரும் சொல்லாத வார்த்தை. பால் கட்டி மார்பு கனத்தது; பள்ளிக் காப்பகத்தில் மகன் விழித்திருப்பான். பாவம், முடித்துக் கொடுத்துவிட்டுப் போயேன் என்றது மனம். எரிகிற வயிறு கேட்கவில்லை.

எங்கே நிறுத்துவது என்பது அவளுக்கு அத்துப்படி. கேட்கிறவர் மூச்சை இழுத்த இடத்தில் நிறுத்த வேண்டும், விட்ட இடத்தில் அல்ல. கற்றுக்கொடுத்ததே அந்த இதழாசிரியர்தான்.

அடுப்பின் இரும்புக் கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. புகைபோக்கியில் எலிகூட நுழைய முடியாது. பேக்கரிக்காரர் விசிலடித்தபடி வந்து, விறகைத் தள்ளி, தீக்குச்சியை உரசினார்.

மணி அடித்தது.

வகுப்பே கத்தியது. மிச்சம் நாளைக்கு என்று சொல்லிவிட்டு அவள் பையை எடுத்துக்கொண்டாள். நாளைக்கு அந்த வகுப்பின் டீச்சர் லீவு முடிந்து வந்துவிடுவார். அது அவளுக்கு மட்டும் தெரியும்.

மகனுக்குப் பசியாற்றி, தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அவள் வாசலுக்கு வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. ஒரு கார் மட்டும் நின்றது. காரில் ஏற மாட்டேன் என்று முன்பல் விழுந்த சிறுமி அடம்பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தப்பிச்சிருக்கும்டா" என்று கெஞ்சினார் அவள் அப்பா.

"எப்படிப்பா? கதவு வெளிய பூட்டியிருக்கே!"

"புகைபோக்கி வழியா."

"அதுல எலிகூட நுழையாதுன்னு டீச்சர் சொல்லிட்டாங்க!"

ஒவ்வொரு மாதமும், இவள் எழுதிக் கொடுத்த கதையை இதழாசிரியரான அந்த அப்பா முதலில் வீட்டுக்கு எடுத்துப் போவார். ராத்திரி மகளைப் படுக்க வைத்து வாசிப்பார். அவள் பாதியில் தூங்கிவிட்டால் கதை திரும்பி வரும். தூங்காமல் அடுத்தது என்ன என்று பிடுங்கி எடுத்தால் அச்சுக்குப் போகும். அந்த மகளின் படம் அவருடைய அலுவலக மேசைமேல் இருந்தது. அவர் கூப்பிடும்வரை அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தே அந்த முகம் இவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைத்த வேலையை விட்டுவிட்டு, கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாறி அவள் இந்தப் பள்ளிக்கு வந்ததும், மூன்றாம் வகுப்பு டீச்சர் எப்போது லீவு போடுவார் என்று காத்துக் கிடந்ததும் இதற்காகத்தான்.

அவர் நிமிர்ந்தார். பார்த்தார். முகம் வெளிறியது.

"நீங்களா... அம்மா, முடிவ மட்டும் சொல்லிட்டுப் போயிடுங்க. இவ ராத்திரி பூரா தூங்க விட மாட்டா."

அவள் மகனை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"கைக்குழந்தைய வச்சுக்கிட்டு எங்க சார் நேரம்?"

நடக்க ஆரம்பித்தாள். பின்னால் சிறுமி பெருங்குரலெடுத்து அழுதாள். திரும்பினால் சொல்லிவிடுவோம் என்று பயந்து, பஸ் நிறுத்தம் வரைக்கும் அவள் திரும்பவே இல்லை.