குடிக்காத டீ

மார்மன் என்ற கிறிஸ்தவ சபையின் ஊழியத்துக்கு வந்த ஏழு மாதத்தில் ரூபன் இரண்டு விதிகளை மட்டும் மீறியதே இல்லை. டீ, காபி தொடக்கூடாது. கூடவே வரும் கூட்டாளியைக் கண்பார்வையிலிருந்து விடக்கூடாது. தவறினால் சாயங்காலம் போனில் தலைவரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பயத்திலேயே அவனுக்குப் பாதி நாள் சாப்பாடு இறங்காது. கூட்டாளி பிரணீத், விசாகப்பட்டினத்துக்காரன். அவனுக்கும் அதே பயம்.

போடியிலிருந்து ஜீப்பில் குரங்கணி வந்து, ஒற்றையடிப் பாதையில் இருவரும் முதல்முறையாக மலையேறினார்கள். ஜெபம் செய்யப் போனில் அழைத்திருந்த பானுப்பிரியா, வாசலில் சுளகை வைத்து ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தம்பி, எதையாச்சும் மறந்துட்டுப் போய்ட்டீகளா?"

"இப்பத்தான்க்கா வர்றோம்."

"வெளையாடாதீக. இம்புட்டு நேரம் இங்கனதான உக்காந்து ஜெபம் பண்ணீக. டீ கொதிக்குது, ஆறட்டும்னு சொன்னேன். கேக்காம ரெண்டு பேரும் மடக்கு மடக்குன்னு குடிச்சிட்டு எறங்குனீக."

படியில் இரண்டு காலி டம்ளர்கள் இருந்தன. ரூபன் ஒன்றைத் தொட்டான். சூடு ஆறவில்லை. அந்த வீட்டுக்கு வேறு பாதை கிடையாது. வழியில் எதிரே யாரும் வரவுமில்லை.

"நாங்க டீயே குடிக்க மாட்டோம்க்கா" என்று சொல்ல வாயெடுத்தான். நாக்கு நுனி சுரீரென்று எரிந்தது.

பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தான். பிரணீத் வாயைத் திறந்துவைத்து, உள்ளங்கையால் நாக்குக்கு விசிறிக்கொண்டிருந்தான்.