செவ்வாய்க்கிழமைக் கையெழுத்து

ஆராய்ச்சியில் சேர்ந்த ஐந்தாவது வருடத்தில்தான் மாணவர் ஆலோசனை அறைக் கதவைத் தட்ட அவளுக்கு மனம் துணிந்தது. கூடச் சேர்ந்தவர்கள் முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வழிகாட்டிப் பேராசிரியர் முகம் கொடுத்துப் பேசியே மாதக்கணக்காகிறது. நான்கு நாளாக அவள் யாரிடமும் வாயே திறக்கவில்லை.

"வாம்மா, உட்காரு," என்ற ஆலோசகர், எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். வெளிச்சம் பட்டால் அவளுக்குத் தலை வலிக்கும். அதை அவள் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"நான் புதுசு மேடம். ஃபார்ம் ஏதாவது நிரப்பணுமா?"

ஆலோசகர் வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். மூன்று வருடமாக ஒவ்வொரு செவ்வாயும் அவளுடைய கையெழுத்து இருந்தது. ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதிப் பழகிய கை எங்கும் செய்வதுபோல, ஒவ்வொன்றின் கீழும் மணியும் நிமிடமும் எழுதியிருந்தது. அந்தச் செவ்வாய்களில் அவள் ஆய்வகத்தை விட்டு நகர்ந்ததே இல்லை.

"இது நான் இல்ல மேடம்."

"தெரியும்மா," என்றார் ஆலோசகர் சாந்தமாக. "உன் முகத்தோட இங்க வந்துட்டிருந்தவ போன வாரம் சொல்லிட்டுத்தான் போனா. 'இனிமே நான் வரமாட்டேன் மேடம். அடுத்த வாரம் அவ வருவா. அவளுக்கு இனிமே நானும் இல்ல, கொஞ்சம் பார்த்துக்கோங்க'ன்னு."