ஃபிரிட்ஜ் மேல் இருந்த லேப்டாப்

ஃபிரிட்ஜின் மேல் திறந்தபடியே இருந்த லேப்டாப்பை ஜஸ்டின் இறக்கினான். அடிப்பக்கம் கையில் வைக்க முடியாதபடி கொதித்தது.

"இத மூடி வைக்கிறதே இல்லையாக்கா?"

"மூடுனா சூடாகிருமாம். அவுக சொன்னாக," என்றாள் ஜெஸ்லின்.

ஜஸ்டினுக்குச் சிரிப்பு வந்தது. தேனியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் அவன். மச்சான் செல்வமணிக்கு ஏலக்காய் தவிர வேறு எதுவும் தெரியாது என்று நினைத்துக்கொண்டான்.

கீழே கடை, மேலே வீடு. போடி பஜாரின் சத்தமெல்லாம் ஜன்னல் வழியே உள்ளே வந்து விழுந்தது. ஜஸ்டின் படியேறும்போது மச்சான் தராசில் கண் வைத்தபடியே தலையை ஆட்டியிருந்தார்.

லேப்டாப் ரொம்ப ஸ்லோ, வந்து என்னமாவது பண்ணிக் கொடு என்று அக்காதான் போன் செய்தாள். கடை நேரமாகப் பார்த்து வா என்றும் சொன்னாள்.

எதையும் திறக்காமலேயே உள்ளே ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. பழைய விண்டோஸ், அது பாவம் என்ன செய்யும் என்று அணைத்தான். பென்டிரைவைச் செருகி மறுபடி ஆன் செய்தான்.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் வந்தது.

கருநீலத் திரை, அடியில் வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள். கடையில் இருந்து இப்போதுதான் பிரித்து எடுத்த லேப்டாப் போல இருந்தது. ஃபேன் சத்தம் அடங்கிவிட்டது.

"முதல்ல சும்மா ஓட்டிப் பாருக்கா. பிடிக்கலைன்னா பென்டிரைவ உருவிட்டாப் போதும், பழசு அப்படியே இருக்கும்."

அவள் அந்த அழகையெல்லாம் பார்க்கவே இல்லை.

"பழசு இருக்கக் கூடாதுடா."

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. ஒவ்வொன்றாகச் சோதித்தான். வைஃபை எடுத்தது. பாட்டு கேட்டது. கேமராவைத் திறந்தான்.

திரை முழுக்க ஜெஸ்லினின் முகம். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், கன்னம் ஒட்டி.

அவள் சட்டென்று எழுந்து சுவரோரம் ஒதுங்கினாள். ஒதுங்கிய வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

"உன் மூஞ்சி உனக்கே பயமா இருக்காக்கா?"

அவள் சிரிக்கவில்லை. அதை மூடிவிட்டாயா என்று இரண்டு தரம் கேட்ட பிறகே திரும்பி வந்து வேறொரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

லினக்ஸை லேப்டாப்பிலேயே ஏற்றுவதற்கான திரை வந்தது. இருக்கிற எல்லாவற்றையும் அழித்துவிடலாமா என்று கேட்டது. ஜஸ்டின் கையை எடுத்துக்கொண்டான்.

"இதுல ஒங்க கல்யாண போட்டோவெல்லாம் இருக்குமே. காப்பி எடுத்துக்கவா?"

'சரி' என்று இருந்த இடத்தை அவள் தன் விரலாலேயே அழுத்தினாள்.

அழிந்துகொண்டிருந்தபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நல்ல வியாபார நேரத்தில் கல்லாவை விட்டுவிட்டு யாரும் மாடிக்கு வர மாட்டார்கள். செல்வமணி வந்தார். மூச்சு வாங்கியது. ஏலக்காய் வாசனை அறைக்குள் நிறைந்தது.

கையில் போன் இருந்தது.

"என்ன மாப்ள, வேலையா இருந்துட்டு இப்பத்தான் பாத்தேன், அக்கா தெரியலையே? கரண்டு போச்சோன்னு வந்தேன்."

மழை வருமா என்று கேட்பது போலத்தான் கேட்டார். ஜஸ்டினுக்கு விளங்கவில்லை. அவர் போனைத் திருப்பிக் காட்டினார்.

திரையில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் குடோன். அடுக்கி வைத்த ஏலக்காய் மூட்டைகள் அசையாமல் கிடந்தன. இன்னொன்று வெறும் கறுப்பு. அதன் கீழே 'வீடு' என்று இருந்தது.

ஜஸ்டின் ஃபிரிட்ஜின் மேல் லேப்டாப் திறந்தபடி இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"பழையபடியே வச்சுக் குடு மாப்ள."

"பழசு போயிருச்சு மச்சான்." தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

லேப்டாப், புதிதாக ஒரு பெயரும் பாஸ்வேர்டும் கேட்டு நின்றது. ஜெஸ்லின் அதைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். அடித்தாள். எழுத்துகள் புள்ளி புள்ளியாக விழுந்தன. இத்தனை நீளமாக யாரும் வைத்து ஜஸ்டின் பார்த்ததில்லை. மறுபடி ஒரு தரம் அடிக்கச் சொன்னது. ஒரு எழுத்தும் பிசகாமல் அடித்தாள்.

"என்னடி அடிச்ச?"



கீழேயிருந்து யாரோ "அண்ணாச்சி! அண்ணாச்சி!" என்று கூப்பிட்டார்கள். செல்வமணி குரல் கொடுக்கவில்லை. கதவைச் சாத்தினார். சாய்ந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி, அவளுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். போனைச் சட்டைப் பையில் வைத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"வேலைதான் முடிஞ்சிருச்சே. பஸ்ஸுக்கு நேரமாகலயா மாப்ள?" என்றார், அவளைப் பார்த்தபடியே.

ஜெஸ்லின் தலை நிமிராமல் கையை மட்டும் நீட்டினாள். தம்பியின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ இன்னைக்கிப் போகாத தம்பி."