நாலு சொட்டு

உதைத்தார்.

மோட்டார்சைக்கிள் ஒருதரம் இருமியது. அவ்வளவுதான்.

மாஸ்ரர் மறுபடி உதைத்தார். இடுப்பில் சாரம் அவிழ்ந்தது. இறுக்கி முடிந்துகொண்டு உதைத்தார். அவர் உதைத்த உதைக்கு, ரயில் ஓடுகிற காலமாக இருந்திருந்தால் அது கொழும்புக்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

வேலிக்கு அந்தப்பக்கம் சுகிர்தா கத்தினாள். தலைப்பிரசவம். மருத்துவிச்சி நேசம்மா இருப்பது அடுத்த ஊரில்.

யுத்தம் பெற்றோலைக் கொண்டுபோய்விட்டது. அதற்காக யாழ்ப்பாணம் மூலையில் குந்திவிடுமா? மண்ணெண்ணெயில் ஓடியது. ஸ்ராட் எடுக்க மட்டும் காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விடவேண்டும். பிறகு புகை. என்ன புகை! குண்டு போட வருகிறவன் ஊரைக் காணாமல் திரும்பிப் போய்விடுவான்.

அந்த நாலு சொட்டைக் கண்மருந்துக் குப்பியில் ஊற்றி அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார்.

குப்பி காய்ந்து கிடந்தது.

பள்ளிக்கூடத்தில் முப்பது வருசம் ஆவியாதல் படிப்பித்தவர். மூடியை இறுக்க மறந்துபோனார்.

"இஞ்சருங்கோ, உதுக்கு நெருப்புப் பத்துற சாமான் எதுவெண்டாலும் சரிதானே?"

மனைவி நின்றாள். கையில் வாசனைச் சென்ற் போத்தல்.

மகன் தயாபரனுடையது. சொல்லாமல் கொள்ளாமல் இயக்கத்துக்குப் போன அன்று மேசையில் விட்டுப்போனது. அரைவாசி இருந்தது. ஒவ்வொரு நாளும் மூடியைத் திறப்பாள், மணந்து பார்ப்பாள், மூடுவாள். இன்றுவரை ஒரு சொட்டுக் குறைந்ததில்லை.

அவர் வாங்கவில்லை.

சுகிர்தா கத்தினாள்.

"விடுங்கோ எண்டுறன்."

அவர் வாங்கிச் சாய்த்த அவசரத்தில் நாலு சொட்டு நாற்பதானது. காபரேற்றரில் கொஞ்சம். எஞ்சினில் கொஞ்சம். மிச்சமெல்லாம் சாரத்தில். போத்தல் காலி.

உதைத்தார்.

பிடித்தது!

அட, என்ன வாசம்! எஞ்சின் சூடேறச் சூடேற மண்ணெண்ணெயை முட்டித் தள்ளிக்கொண்டு கிளம்பியது. வேலிகளுக்கு நடுவே ஒழுங்கை மணத்தது. சங்கக்கடை மணத்தது. பங்கருக்குள் கிடந்தவர்கள் கல்யாண வீடு எங்கே என்று தலையை நீட்டினார்கள். மாஸ்ரர் மாப்பிள்ளை மாதிரிப் போனார்.

வண்டி புறப்பட்டபோது வாசல் படலையடியில் மகனின் நாய் கிடந்தது. அவன் போனபிறகு அது படலையைத் தாண்டியதில்லை.

மூக்கை நிமிர்த்தியது.

எழும்பியது.

பிறகு பறந்தது. வாலையும் குரலையும் ஒன்றாக ஆட்டிக்கொண்டு, மோட்டார்சைக்கிளை முந்தி, ஊரையே எழுப்பிக்கொண்டு.

அடுத்த ஊருக்குப் போய்த் திரும்பிய அதே வேகத்தில் நேசம்மாவும் பின்சீட்டிலிருந்து வந்து இறங்கினாள், சேலையெல்லாம் மணக்க மணக்க.

மத்தியானம் வேலிக்கு அந்தப்பக்கம் பிள்ளை வீரிட்டது. கொழும்புக்கே கேட்டிருக்கும் என்றார் அவர். துள்ளினார். சாரம் திரும்பவும் அவிழ்ந்தது.

மனைவி சிரித்தாள். வெறும் போத்தலை மூடியால் இறுக்கி மூடினாள்.

நாய் இன்னும் ஒழுங்கையில் நின்றது. வந்த வழியையே பார்த்துக்கொண்டு.

படலையின் கொக்கியைக் கொளுவப் போனாள்.

கொளுவவில்லை.